ஒன்பது நாற்பதுக்கு முறிந்த கேட் கம்பு

“தை, இரண்டாம் செவ்வாய். காலை 9.40. கேட் கம்பு முறிந்தது. கிழக்குப் பக்கம். மரவள்ளிக் கிழங்கு லோடு.”

என் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தின் கடைசி வரி இது. மற்ற வரிகளைவிட எழுத்து சாய்ந்திருக்கும். எழுதிக்கொண்டே எழுந்து ஓடத் தொடங்கியிருந்தேன். அன்று அந்த இடத்துக்கு ஓடி வந்தவர்களில், முதலில் மணியைப் பார்த்து எழுதிவிட்டு ஓடியவன் நான் ஒருவன்தான். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. ஒன்பது நாள் கழித்து, இந்த ஒரு வரியை வைத்து ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் போல ஆயிற்று.

பொம்மிடிக்குப் போகிற சாலையில், ரயில் பாதைக்குக் கிழக்கே எங்கள் ஊர். ஊர்ப் பால் சங்கத்தில் நான் எழுத்தர். என் மேசைக்கு எதிரே ஜன்னல். அதற்கு நேரே ரயில்வே கேட், கேட்கீப்பரின் அறை, இரண்டு பாதைகள், தூரத்தில் ஜோலார்பேட்டைப் பக்கம் நிற்கும் சிக்னல் கம்பத்தின் முதுகு. காலைப் பால் வண்டி போனபிறகு எனக்கு வேலை குறைவு. அந்த நேரத்தில் ரயில்களை எழுதுவேன். கேட் மூடிய நேரம், ரயில் கடந்த நேரம், எந்தப் பக்கம் போயிற்று, பயணிகள் வண்டியா சரக்கா. பழைய நாட்குறிப்புகளையும் மாவட்டக் குறிப்பேடுகளையும் நூலகத்தில் தேடித் தேடிப் படித்ததில் வந்த பழக்கம். படிக்கும்போதெல்லாம் ஒரு கோபம் வரும். பெரிய வெள்ளம் வந்தது என்று எழுதியிருப்பார்கள், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று எழுதியிருக்க மாட்டார்கள். எங்கள் ஊரைப் பற்றி யாராவது பின்னால் எழுத உட்கார்ந்தால் அந்தக் குறை இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

ஆனால் நேரத்தைத் துல்லியமாக எழுதுவதற்கு எங்கள் ஊரைவிட மோசமான இடம் கிடையாது. கேட்டுக்குக் கிழக்கே இருக்கிற எந்த வீட்டுக் கடிகாரமும் சரியான நேரம் காட்டாது. பஸ் மேற்கே நிற்கும். கேட் போட்டுவிட்டால் நாம் கிழக்கே நின்று அது புறப்பட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். ஒரு வீட்டில் ஐந்து நிமிடம், இன்னொரு வீட்டில் பத்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தால் கால்மணி. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்களிடம், “முகூர்த்தம் கேட்டுக்கு இந்தாண்ட மணியா, அந்தாண்ட மணியா?” என்று கேலி செய்வார்கள்.

சங்கத்துச் சுவர்க் கடிகாரத்தை மட்டும் நான் அப்படி விடவில்லை. ஞாயிறுதோறும் ஸ்டூல் போட்டு ஏறி, போனில் இருக்கும் நேரத்துக்குச் சரிசெய்வேன். ஞாயிறுதோறும் அது எட்டு நிமிடம் முன்னால் இருக்கும். வாரத்துக்கு எட்டு நிமிடம் வேகமாக ஓடும் கடிகாரம், நாளுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தேன். செவ்வாய் என்றால் இரண்டு நிமிடம் கழித்துக்கொள்ள வேண்டும், வெள்ளி என்றால் ஆறு. பையில் கிடக்கும் போனை எடுப்பதைவிடத் தலை நிமிர்ந்து சுவரைப் பார்ப்பது சுலபம். கழித்தல் எனக்குப் பிடித்த வேலையும்கூட.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் கேட்டுக்கு ஒரு பெண் கேட்கீப்பராக வந்தார். சித்தேரி மலையில் பிறந்து, அரூரில் தங்கிப் படித்து, தேர்வு எழுதி வந்தவர். முப்பது வயதுகூட இருக்காது. முதல் வாரமே நான் ரயில் எழுதுவதைக் கண்டுபிடித்துவிட்டார். கேட் அறைக்குள் எட்டிப் பார்க்கப் போனேன்.

“உள்ள வராதீங்க சார். வெளி ஆளு உள்ள இருந்தா எனக்குத்தான் மெமோ வரும். வேலிக்கு அந்தாண்ட நின்னுக்கங்க. எது கேட்டாலும் சொல்றன்.”

அதற்குப்பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு நான் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. ரயில் வருகிறது, கேட் மூடுகிறது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தவன் நான். உண்மையில் ஒவ்வொரு ரயிலும் ஒருவர் சொல்ல இன்னொருவர் திரும்பச் சொல்லி, அதை இருவரும் எழுதிய பிறகுதான் எங்கள் ஊரைத் தாண்டுகிறது என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என்னைப்போல எழுதுகிறவர்கள் பாதை நெடுகிலும் உட்கார்ந்திருக்கிறார்கள்!

கேட்டைப் பூட்டாமல் சிக்னல் பச்சையாகாது. சிக்னல் பச்சையானால், ரயில் போகும்வரை கேட் திறக்காது. ஒன்றின் பிடி மற்றொன்றின் கையில். கேட்கீப்பர் மறந்துபோய்க் கேட்டைத் திறந்தே வைத்திருந்தாலும் ரயில் டிரைவருக்குச் சிவப்புதான் தெரியும். இதை அவர் சொன்ன அன்று, சங்கத்தில் பால் ஊற்ற வந்த எல்லோரிடமும் நான் விளக்கினேன். யாரும் கேட்கவில்லை என்பது வேறு.

அதைவிட என்னைக் கவர்ந்தது நம்பர்.

“ஸ்டேஷன்ல இருந்து போன் வரும் சார், இன்ன வண்டி வருது, கேட்டப் போடுன்னு. போட்டுப் பூட்டிட்டு நான் ஒரு நம்பர் சொல்லணும். பிரைவேட் நம்பர். எங்கிட்ட ஒரு தாளு இருக்கு. அதுல வரிசையில்லாம ரெண்டு ரெண்டு இலக்கமா இருக்கும். ஒண்ணச் சொன்னா அத அடிச்சுடணும். மறுக்கா அதச் சொல்லக் கூடாது. ஸ்டேஷன் மாஸ்டரு அத அவரு புக்குல எழுதிக்குவாரு.”

“எதுக்கும்மா நம்பர்? பூட்டிட்டன்னு சொன்னா பத்தாதா?”

“பூட்டிட்டன்னு தூக்கத்துலகூட சொல்லலாங்க. நம்பரச் சொல்லணும்னா தாளப் பாக்கணும், பேனாவ எடுக்கணும், எது அடிக்காம இருக்குதுன்னு தேடணும். அதுக்குள்ள முழிப்பு வந்துடும்.”

பூட்டாமல் நம்பர் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பேசுகிறவர் அதற்கு மட்டும் சிரிக்கவில்லை. “அது பொய்யில்லீங்க, அதுக்கும் மேல. அதச் செஞ்சவங்கள வேலைல வெச்சுக்க மாட்டாங்க. வெச்சுக்கவும் கூடாது” என்றார்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கேட் கம்பு இறங்கிக்கொண்டிருந்தது. மேற்கேயிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய சின்ன லாரி ஒன்று, மேற்குக் கம்பு இறங்குவதற்குள் நுழைந்துவிட்டது. பாதையைத் தாண்டி வெளியே வருவதற்குள் கிழக்குக் கம்பு பாதிக்கு வந்துவிட்டது. நிறுத்துவான் என்று நினைத்தேன், நிறுத்தவில்லை. படார் என்று ஒரு சத்தம். கம்பு நடுவில் முறிந்து லாரியின் தலைமேல் தொங்கியது. லாரி அதிர்ந்து நின்றது. பின்சக்கரங்கள் இரண்டாவது பாதைமேல். மூட்டையிலிருந்து கிழங்குகள் உருண்டு தண்டவாளத்துக்கு நடுவே விழுந்தன.

சுவரைப் பார்த்தேன். எழுதினேன். ஓடினேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் கேட்கீப்பர் இரண்டு சிவப்புக் கொடிகளோடு அறையை விட்டு வெளியே வந்துவிட்டார். லாரியைப் பார்க்கவேயில்லை, டிரைவரைத் திட்டவுமில்லை. ஒரு கொடியை ஒரு பாதையில் நட்டார். மற்றதை இன்னொரு பாதையில் நட்டார். அதன்பிறகுதான் திரும்பி, “தள்ளுங்க! எல்லாரும் வாங்க, தள்ளுங்க!” என்று கத்தினார்.

லாரி டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உறைந்துபோயிருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும், மரவள்ளி ஏற்றுவதற்காக எங்கள் பக்கம் அடிக்கடி வருகிறவன்.

“கியர நூட்ரல்ல போடுறா!” என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

“போட்டுட்டங்ண்ணா!”

“போட்டா ஏன்டா நகரல? பிரேக்குல இருந்து கால எடு, புண்ணியவானே!”

கால் எடுத்தான். பால் கேன் தூக்குகிறவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், நான், எல்லோருமாகத் தள்ளினோம். சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கியபோது என் செருப்பு ஒன்று கிழிந்தது. லாரி வெளியே போனதும் சிலர் கிழங்குகளைப் பொறுக்கினார்கள். கேட்கீப்பர் அறைக்குள்ளிருந்து ஒரு நீளச் சங்கிலியைத் தூக்கி வந்தார். நடுவில் சிவப்புத் தகடு தொங்கும் சங்கிலி. கம்பு முறிந்தால் அதற்குப் பதிலாகச் சாலைக்குக் குறுக்கே கட்டிப் பூட்ட வேண்டியது. பூட்டி, இழுத்துப் பார்த்து, அறைக்குள் ஓடினார். போனில் பேசுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

நான் சங்கத்துக்குத் திரும்பிப் பக்கத்தைத் திருப்பினேன். அடுத்து நடந்ததுதான் இரண்டு வருடமாக நான் பார்க்கக் காத்திருந்தது. கேட் கம்பு முறிந்ததால் கேட் பூட்டியதாகக் கருவி ஒத்துக்கொள்ளாது. எனவே சிக்னல் சிவப்பிலேயே நிற்கும். ஆனால் அந்தச் சிக்னல் கம்பத்தில் மஞ்சள் வட்டத்துக்குள் கறுப்பு நிறத்தில் ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறது. கேட்டுக்கான சிக்னல் என்று அர்த்தம். அதற்குத் தனிச் சட்டம். டிரைவர் சிவப்பைக் கண்டு நிறுத்த வேண்டும், ஹாரன் அடிக்க வேண்டும், பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் காத்திருக்க வேண்டும். அதற்கும் சிக்னல் மாறாவிட்டால், எந்த இடத்திலும் நிறுத்தக்கூடிய வேகத்தில் ஊர்ந்து கேட் வரை வரலாம். கேட்கீப்பர் கொடி காட்டினால்தான் தாண்டலாம்.

வந்தது சரக்கு ரயில். கம்பத்துக்கு அப்பால் நின்றது. நீளமாக ஹாரன். ஊரே அமைதியாக இருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன். பெரிய முள் நகர்ந்தது. மறுபடி நகர்ந்தது. என்ஜின் ஒரு முனகலோடு நகர ஆரம்பித்தது. நடந்தால் முந்திவிடலாம், அவ்வளவு மெதுவாக. கேட்கீப்பர் சிவப்புக் கொடியைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டு, பச்சைக் கொடியை விரித்து, கை எட்டும்வரை மேலும் கீழும் மெதுவாக அசைத்தார். அசையாமல் பிடித்தால் போகலாம் என்று அர்த்தம், இப்படி அசைத்தால் ஜாக்கிரதையாகப் போ என்று அர்த்தம். என்ஜினிலிருந்த இருவரும் கை தூக்கிக் காட்டினார்கள். அத்தனை டன் இரும்பு, மலையிலிருந்து வந்த ஒரு பெண் கையில் பிடித்த துணிக்கு அடங்கி ஊர்ந்து போயிற்று. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கைதட்டினேன் என்று எங்கள் சங்கத்து அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். பாலைச் சோதித்துப் பார்க்கும் வேலை அவருக்கு. என்னைவிட மூத்தவர்.

அடுத்த பக்கத்தில் நான் எழுதியது: “9.58 சரக்கு கேட் சிக்னலில் நின்றது. 10.00 நகர்ந்தது. பச்சைக் கொடி, மேலும் கீழும்.”

மறுநாள் லாரி டிரைவர் சங்கத்துக்கு வந்தான். கம்பு முறிந்த நேரத்தை முதலாளியிடம் காட்ட வேண்டும் என்று கேட்டான். நான் எழுதியதைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் குறிப்பேட்டை ஒருவன் ஆதாரமாகக் கேட்கிறான்! மகிழ்ச்சியில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். போட்டோ எடுத்துக்கொண்டான். கம்பு முறிந்த வரி பக்கத்தின் கடைசியில் இருந்ததால் அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்தான். செவ்வாய் என்றால் இரண்டு நிமிடம் கழிக்க வேண்டும், ஆகவே 9.38 என்று நானே சொல்லி, அவன் போனிலேயே அதைத் தட்டச்சு செய்யவும் வைத்தேன்.

அடுத்த வியாழன் கேட்டில் வேறு ஒருவர் நின்றார். அன்று மதியம் அந்தப் பெண் சங்கத்துக்கு வந்தார். சீருடை இல்லை. வாசலிலேயே நின்றார்.

“சார், லாரிக்காரரு குடுத்த போட்டோவுல இருக்கே, நீங்க எழுதினது, அது நெசங்களா?”

“எது?”

“ஒம்பது முப்பத்தெட்டுக்குக் கம்பு ஒடஞ்சதுன்னு.”

“ஆமாம்மா. 9.40னு எழுதினன். ரெண்டு கழிச்சா 9.38.”

வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார். ஸ்டேஷன் புத்தகத்தில் இரண்டு வரிகள் இருக்கின்றன. 9.36, கேட் பூட்டியாயிற்று, நம்பர் பெறப்பட்டது. 9.41, கேட் கம்பு முறிந்தது, சங்கிலி போடப்பட்டது. இரண்டையும் இந்தப் பெண் ஒரே போனில்தான் சொன்னார், லாரியைத் தள்ளிச் சங்கிலி பூட்டிய பிறகு. ஸ்டேஷன் மாஸ்டர் நம்பரை உடனே எழுதினார். ரயில் டிரைவருக்கான எச்சரிக்கைத் தாளை எழுதிக் கொடுத்தனுப்பிவிட்டு, மற்றதை 9.41க்கு எழுதினார்.

“இப்ப ஒங்க மணி ரெண்டுக்கும் நடுவுல வந்து குந்திக்கிச்சுங்க. முப்பத்தாறுக்கு நம்பர் குடுத்தனாம். கேட்டத் தெறந்து வெச்சுக்கிட்டே குடுத்தனாம். முப்பத்தெட்டுக்கு லாரி வரவும் அவசரமா அவன் மேல கம்ப எறக்கினனாம். அப்புறம் சமாளிச்சு நாப்பத்தொண்ணுக்கு போன் பண்ணனாம். லாரிக்காரரும் கேட்டு தெறந்துதான் இருந்துச்சுங்கறாரு.”

“ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லலியா?”

“சொல்றாரு. புக்குல எழுதாதத வாயில சொன்னா எப்படி எடுத்துக்கறதுங்கறாங்க. அவரையும்தான் கேள்வி கேக்கறாங்க.” பிறகு என்னை நேராகப் பார்த்தார். “பூட்டாம நம்பர் குடுத்தான்னு எழுதிட்டாங்கன்னா இந்த வேலை மட்டுமில்லீங்க, எங்கயும் என்ன சேத்துக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும், நான் சங்கிலிய இழுத்துப் பாத்துட்டுத்தான் போன எடுத்தன்.”

சங்கிலியை இழுத்துப் பார்த்ததை நானும் கண்ணால் கண்டேன். ஆனால் கம்பு முறிவதற்கு முன் அவர் அறைக்குள் யாரிடம் என்ன பேசினார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் நம்பியது என் கடிகாரத்தை. ஒன்று அவர் பொய் சொல்ல வேண்டும், அல்லது என் கடிகாரம் பொய் சொல்ல வேண்டும். வெட்கத்தோடு எழுதுகிறேன்: அந்த மூன்று நாளும் நான் கடிகாரத்தின் பக்கம்தான் இருந்தேன்.

ஞாயிறு வழக்கம்போல ஸ்டூல் போட்டு ஏறினேன். எட்டு நிமிடம் முன்னால். சரிசெய்தேன். திங்கள் காலை, என் மனசு கேட்காமல், வழக்கத்தைவிட அரைமணி முன்னதாகச் சங்கத்துக்குப் போனேன். கதவைத் தள்ளினால், ஸ்டூல்மேல் அக்கா! ஒரு கை சுவரில், இன்னொரு கை கடிகாரத்தின் முதுகில்.

“அக்கா! என்ன பண்றீங்க?”

“என்ன பண்றன்? எங்க வீட்டு மணிக்கு வெக்கறன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இந்தக் கடிகாரம் எட்டு நிமிசம் பின்னாடி போயிடுது தம்பி. ஓட்டைக் கடிகாரம். நான் ஞாயிறு லீவு போட்டுட்டு வந்தா, திங்கக்கெழம இதே வேலையாப் போச்சு.”

ஓடிப்போய் ஸ்டூலைப் பிடித்தேன்.

“பின்னாடி போகலக்கா! நான் தள்றன்!”

“நீயா? எதுக்கு?”

“சரியான நேரத்துக்கு!”

“சரியான நேரத்த வெச்சுக்கிட்டு என்னா பண்றது? பஸ்ஸப் புடிக்க முடியுமா?” என்றார் அக்கா, ஸ்டூலை விட்டு இறங்காமலே. “ரெண்டு வருசமா நீயா எங்கூடச் சண்ட போட்டுக்கிட்டு இருந்த? சொல்லியிருந்தா பேட்டரிய மாத்தச் சொல்லி சங்கத்துக்கு எழுதியிருக்க மாட்டனே!”

கடிகாரம் வேகமாக ஓடவேயில்லை. ஒரு விநாடி பிசகாமல் ஓடும் அருமையான கடிகாரம். ஞாயிறு ஒரு நாள் மட்டும் அது சரி, மற்ற ஆறு நாளும் முழுசாக எட்டு நிமிடம் முன்னால். நான் கழித்த ஒவ்வொரு நிமிடமும், ஒன்று, இரண்டு, ஆறு, எல்லாமே கற்பனை. இரண்டு வருடக் குறிப்புகளும் தவறு. ஒரு எழுத்தருக்கு இதைவிட அவமானம் இருக்க முடியாது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு வந்தது அவமானமில்லை. 9.40இல் எட்டுப் போனால் 9.32! நம்பருக்கு நான்கு நிமிடம் முன்! கொடி நட, லாரி தள்ள, சங்கிலி பூட்ட நான்கு நிமிடம்! அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். “பைத்தியம் புடிச்சுடுச்சு போல” என்று அவர் பால் கேனைப் பார்த்துச் சொன்னார்.

குதூகலம் அடங்கியதும் பயம் வந்தது. கடிகாரம் எட்டு நிமிடம் முன்னால் இருந்தது என்று இப்போது நான் சொன்னால் யார் நம்புவார்கள்? அந்தப் பெண்ணுக்காக மாற்றிச் சொல்கிறேன் என்பார்கள். அன்றைக்கு, அந்தச் செவ்வாயன்றே, எட்டு நிமிடம் முன்னால் இருந்தது என்று காட்ட வேண்டும். மனிதர் யாரும் தொடாத இன்னொரு கடிகாரம் வேண்டும்.

பக்கத்தைத் திருப்பினேன். “9.58 சரக்கு கேட் சிக்னலில் நின்றது.” என்ஜினுக்குள் வேகத்தையும் நேரத்தையும் தானே பதிந்துகொள்ளும் கருவி ஒன்று உண்டு என்று கேட்கீப்பர் எப்போதோ சொல்லியிருந்தார்.

புதன்கிழமை விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். என் வரியின் போட்டோ அவர்கள் கோப்பில் இருந்ததே காரணம். ஸ்டேஷனில் ஒரு அறை. விசாரிக்க வந்த அதிகாரி, அந்தப் பெண், ஸ்டேஷன் மாஸ்டர், லாரி டிரைவர். அதிகாரி போட்டோவை என் பக்கம் நகர்த்தினார்.

“இது உங்க எழுத்தா?”

“ஆமாங்க. ஆனா அதுல இருக்கிற நேரம் தப்பு.”

லாரி டிரைவர் நிமிர்ந்தான். “என்னாங்ண்ணா, அன்னைக்கு ரெண்டு கழிச்சுக்கன்னு நீங்கதான சொன்னீங்க? இன்னைக்கு எத்தன கழிக்கப் போறீங்க?”

“எட்டு” என்றேன்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். நான் அக்காவையும் ஸ்டூலையும் பற்றிச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். “கதை நல்லா இருக்கு. நான் எதை வெச்சு நம்பறது?”

“சார், சரக்கு ரயில் கேட் சிக்னல்ல நின்ன நேரம் உங்ககிட்ட இருக்கும். என்ஜின்ல பதிஞ்சது. அதை நான் பாத்ததில்ல. எங்கிட்ட சொல்லாதீங்க. என் புத்தகத்துல அடுத்த பக்கத்துல 9.58னு இருக்கு, அன்னைக்கே எழுதினது. நான் சொல்றது நெசம்னா, உங்ககிட்ட 9.50 இருக்கணும். ரெண்டுதான் வித்தியாசம்னா 9.56 இருக்கணும்.”

குறிப்பேட்டைத் திறந்து அவர் முன் வைத்தேன். அவர் அந்தப் பக்கத்தைப் படித்தார், முன் பக்கத்தைப் படித்தார், மையை உற்றுப் பார்த்தார். பிறகு கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து விரலை வரிசையாக ஓட்டிக்கொண்டு போனார். விரல் ஒரு இடத்தில் நின்றது. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“ஒன்பது ஐம்பது” என்றார் அதிகாரி.

அந்தப் பெண் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்கவில்லை, ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்தார். அவர் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு எழுந்து குதிக்கலாம் போலிருந்தது. எழுந்தேவிட்டேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதிகாரி “உக்காருங்க, உக்காருங்க” என்றார்.

நம்பர் கொடுத்தது சங்கிலி பூட்டிய பிறகுதான் என்று எழுதிக்கொண்டார். பூட்டாமல் நம்பர் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டு அந்த இடத்திலேயே போயிற்று. அடுத்த திங்கள் அவர் கேட்டுக்கு வேலைக்கு வந்துவிட்டார். புதுக் கம்பும் வந்தது.

ஆனால் விசாரணையன்று, எழுந்து புறப்படுவதற்கு முன் அதிகாரி என்னிடம் இன்னொரு கேள்வி கேட்டார். கம்பு இறங்கும் முன் பஸ்ஸர் அடிக்க வேண்டும், சாலையில் வருகிறவர்களுக்கு எச்சரிக்கையாக. அடிக்கவேயில்லை என்கிறான் லாரி டிரைவர். அடித்தேன் என்கிறார் கேட்கீப்பர். அடிக்காமல் கம்பை இறக்கியிருந்தால் அதற்குத் தனியாக ஒரு எச்சரிக்கைக் கடிதம் உண்டு, அது பணிப்பதிவேட்டில் ஏறும். “நீங்க ஜன்னல்லயே உக்காந்திருந்தீங்க. பஸ்ஸர் அடிச்சுதா?”

எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. நாள் முழுக்கக் கேட்கிற சத்தம் அது. அடித்தால் காதில் விழாது, அடிக்காவிட்டாலும் தெரியாது. அடித்தது என்று சொல்ல ஆசையாக இருந்தது. மறுபடி தப்பாக ஒரு வரியைக் கொடுக்க மனம் வரவில்லை. “தெரியாதுங்க” என்றேன். அந்தப் பெண் அதற்கு முகம் சுளிக்கவில்லை. வெளியே வந்ததும், “தெரியாதுன்னு சொன்னீங்களே, அது போதும் சார். தெரியும்னு சொல்றவங்களக் கண்டாத்தான் எனக்குப் பயம்” என்றார்.

அன்று லாரியைத் தள்ள வந்த எல்லோரையும் அதற்குப் பிறகு தனித்தனியாகக் கேட்டுவிட்டேன். கேட்ட தேதியோடு எழுதியும் வைத்திருக்கிறேன், இப்போது போனில் பார்த்த நேரத்தோடு. எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: “எப்பவும் அடிக்கிறதுதானுங்களே.” அன்று கேட்டதாக ஒருவரும் சொல்லவில்லை. கேட்கவில்லை என்றும் ஒருவரும் சொல்லவில்லை. எச்சரிக்கைக் கடிதம் இதுவரை வரவில்லை, வராது என்றும் யாரும் எழுத்தில் தரவில்லை. தை இரண்டாம் செவ்வாய், காலை 9.32க்குச் சற்று முன், எங்கள் கேட்டில் பஸ்ஸர் அடித்ததா என்பது உறுதி செய்யப்படவில்லை.